உடைக்காத அப்பம்

2 மார்ச் 1975

அன்புள்ள அத்தைக்கு,

தயவுசெய்து இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். உங்களோடு அறையில் தங்கியிருக்கும் பெண்களுக்கும் வேண்டாம். படித்தவுடன் அடுப்பில் போட்டுவிடுங்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று தெரியும்.

நான் நலம். அப்பாவும் நலம். நீங்கள் நலமா? கௌனஸ் நகரத்தில் உங்கள் அறை சூடாக இருக்கிறதா? இங்கே இன்னும் முழங்கால் அளவு பனி.

அப்பா தூங்கிவிட்டார். போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதனால்தான் வரிகள் சாய்கின்றன. உங்கள் முகவரியைப் பால் நிலையத்துச் சலோமேயா அக்கா தந்தார். நீங்கள் போன நாளில் அங்கே நின்று அழுதேன். "ஏண்டி, கேனுக்குள்ள தலைய விட்டு அழாத, பால் திரிஞ்சு போயிரும். எழுதணும்னா எழுது. பதில் எம்பேருக்கு வரட்டும், நான் வாங்கி வெக்கிறேன்" என்றார். வீட்டு முகவரிக்கு எழுதவே எழுதாதீர்கள்.

அன்று நான் பள்ளியிலிருந்து வந்தபோது உங்கள் கட்டிலில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அம்மா இறந்ததிலிருந்து எட்டு வருடம் அந்தக் கட்டில் என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அத்தை எங்கே என்று கேட்டேன். அப்பா, "வேலை மாத்திட்டாங்க. சாப்பிடு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இந்த வீட்டில் உங்கள் பெயரை யாரும் சொல்லவில்லை.

பள்ளியில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார்கள். கடவுள் நம்பிக்கை உள்ளவர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரத் தகுதியில்லாதவராம். யார் உங்களைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள் என்று பிள்ளைகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் அந்தப் பேச்சில் சேர்வதில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இன்று கை வரவில்லை.

உங்கள்
எல்வீரா


19 மார்ச் 1975
புனித சூசையப்பர் திருநாள்

சேசுவுக்குத் தோத்திரம்.

என் எல்வீராவுக்கு அத்தை எழுதுவது. நான் சுகம். நீயும் உன் அப்பாவும் சுகமாயிருக்க நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதத்தை நீ சொன்னபடி எரித்துவிட்டேன். எரிப்பதற்கு முன் நான்கு முறை படித்தேன், அது மட்டும் உன் பேச்சை மீறியது.

எனக்கு ஒரு சலவைக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. படுக்கை விரிப்புகளை வேகவைத்து, பிழிந்து, மடிக்கிறோம். கணக்கு என்னை விடவில்லை: ஒரு விரிப்பை நான்காக மடித்தால் எத்தனை முனை என்று கூட இருப்பவர்களிடம் கேட்டேன். "வந்துட்டாங்கடி வாத்தியாரம்மா, முனைய எண்ணாம மூலைய இழுங்க" என்று லியோகாதியா என்னும் பெண் சத்தம் போட்டாள். இப்போது அவள்தான் எனக்கு நெருங்கிய தோழி.

ஒன்று கேட்க வேண்டும். விதாலியா டீச்சர் உன் கட்டுரை நோட்டைத் திருப்பித் தந்தாரா? தராவிட்டால் போய்க் கேட்காதே. புதிதாக ஒன்று வாங்கிக்கொள்.

தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. இரவில் போர்வைக்குள் எழுதினால் கண் கெடும். ஆனாலும் எழுது.

ஆசியுடன்
அத்தை


6 ஏப்ரல் 1975

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் நலம். உங்கள் உடம்பு எப்படி?

இதையும் எரித்துவிடுங்கள். பாஸ்கா பண்டிகைக்கு மூன்று முட்டைகளை வெங்காயத் தோலோடு சாயம் ஏற வேகவைத்து மேசையில் வைத்தேன். அப்பா உள்ளே வந்ததும் யாராவது பார்க்கிறார்களா என்று ஜன்னலைத்தான் முதலில் பார்த்தார். பிறகு உட்கார்ந்து ஒன்றை உரித்தார். உப்புக்கூடத் தொடாமல் தின்றார். மூன்றாவது முட்டையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

புதிய கணக்கு டீச்சர் நல்லவர்தான். ஆனால் நாங்கள் தப்பாகச் செய்தால் சிரிக்க மாட்டார், நீங்கள் சிரிப்பீர்கள்.

கட்டுரை நோட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது தொலைந்துபோய்விட்டது. அதில் முக்கியமாக எதுவும் இல்லை.

இப்போதெல்லாம் எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. வேறு காரணம் ஒன்றுமில்லை, பரீட்சை வருகிறது.

உங்கள்
எல்வீரா


11 மே 1975

என் செல்லத்துக்கு,

சுகமாயிருக்கிறாயா? சலவைக்கூடத்து நீராவியால் எனக்குக் கொஞ்சம் இருமல். வெயில் வந்தால் போய்விடும். ஜூனில் உன்னைப் பார்க்க வரலாம் என்றிருந்தேன். விடுப்பு கிடைக்காது போலிருக்கிறது.

என் தம்பி, உன் அப்பா, இன்னும் தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரைதான் போடுகிறானா? பல்லைப் பார்த்துக்கொள்ளச் சொல் என்று எழுதத் தோன்றியது, நீ எப்படிச் சொல்வாய். விடு.

நோட்டு தொலைந்தது தொலைந்ததாகவே இருக்கட்டும். இரவில் தூங்கு. தூக்கம் வராவிட்டால் செபமாலையை எடுக்கத் தேவையில்லை, விரல்களை எண்ணிச் சொல். பத்து விரல் இருக்கிறது, யாரும் அதைப் பிடுங்க முடியாது.

அத்தை


24 ஜூன் 1975

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? இருமல் போய்விட்டதா?

நேற்று நடுக்கோடை இரவு, எல்லோரும் வழக்கம்போல் ஏரிக்கரையில் நெருப்பு மூட்டி ஆடினார்கள். நானும் போனேன், சீக்கிரம் வந்துவிட்டேன். என்னோடு படிக்கும் தானூதே, "உங்க அத்தைய யார் காட்டிக் குடுத்தாங்கன்னு எங்கம்மாவுக்குத் தெரியுமாம், சொல்ல மாட்டேங்குறாங்க" என்றாள். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்த்தாளா நெருப்பைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

உடனே பதில் எழுதுங்கள். இரண்டு வரி போதும்.

எல்வீரா


3 செப்டம்பர் 1975

அத்தை,

ஜூனில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. தினமும் பால் நிலையத்துக்குப் போகிறேன். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே சலோமேயா அக்கா தலையை ஆட்டிவிடுகிறார். நேற்று, "மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டு வராதடி, மாடே பால் குடுக்காது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

நான் உடம்பால் நலம். அப்பாவும் நலம்.

உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துவிட்டதால்தான் எழுதவில்லையா? அப்படியென்றால் அதையாவது எழுதிவிடுங்கள்.

எ.


28 செப்டம்பர் 1975

சேசுவுக்குத் தோத்திரம்.

என் எல்வீரா, உன் இரண்டு கடிதங்களும் பழைய முகவரியில் கிடந்து, லியோகாதியா கையால் இப்போதுதான் என்னிடம் வந்தன. மூன்றாவது நேற்று வந்தது. என்னை மன்னித்துக்கொள். உன்னை இவ்வளவு நாள் காக்க வைத்தது பெரிய தப்பு.

நான் இடம் மாறிவிட்டேன். இது பைன் காட்டுக்குள் ஓர் ஓய்வு இல்லம். காற்று நல்லது. வேலை ஒன்றுமில்லை, படுத்திருப்பதுதான் வேலை. என் கட்டிலுக்கு நேராக ஒரு ஜன்னல், அதில் பதினேழு மரங்கள் தெரிகின்றன. ஓர் அணில் வருகிறது. அதற்கு நான்தான் இப்போது கணக்கு டீச்சர், ஒரு நாளைக்கு ஒரு கொட்டை என்று சொல்லித்தருகிறேன். அது படிப்பதாக இல்லை.

எனக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறாய். எதை என்று நான் கேட்கப்போவதில்லை. உனக்குச் சொல்லத் தோன்றும்போது சொல். தோன்றாவிட்டாலும் நீ என் பிள்ளைதான்.

எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே. படுத்துக்கொண்டு எழுதினால் அப்படித்தான்.

அத்தை


2 நவம்பர் 1975
இறந்தோர் நினைவு நாள்

அன்புள்ள அத்தைக்கு,

ஓய்வு இல்லம் என்று எழுதினீர்கள். உறையின் மேல் இருந்த ஊர்ப் பெயரைச் சலோமேயா அக்காவிடம் சொன்னேன். அவர் பால் அளக்கிற கையை நிறுத்திவிட்டார். "நுரையீரல் ஆஸ்பத்திரிடி அது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அங்க போயி நல்லாகி வந்தவங்க நெறைய பேரு இருக்காங்க" என்றார். யாரெல்லாம் என்று கேட்டேன். பெயர் ஒன்றும் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்லுங்கள் அத்தை. நான் சொல்லாமல் இருந்துகொண்டு உங்களைக் கேட்பது சரியில்லைதான். இருந்தாலும் கேட்கிறேன்.

இன்று மாலை அப்பாவும் நானும் அம்மாவின் கல்லறைக்கு விளக்கு வைக்கப் போனோம். கல்லறைத் தோட்டம் முழுவதும் விளக்குகள், ஆனால் யாரும் சத்தமாகச் செபம் சொல்லவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பக்கத்துக் கல்லறைக்கு வந்த கிழவர் அப்பாவிடம், "ஜெனோவைடே எப்படி இருக்கா, கஸிமீரஸ்? ஒங்கக்கா இல்லாம இந்தக் குழிக்குக் களை எடுக்கக்கூட ஆளில்லையே" என்றார். அப்பா என்ன பதில் சொன்னார் என்பதை நான் எழுத மாட்டேன். திரும்பி வரும் வழியில் அவர் என் கையைப் பிடித்தார். நான் விடுவித்துக்கொண்டேன்.

நான் யார் அவரைக் குறை சொல்ல.

உங்கள்
எல்வீரா


27 நவம்பர் 1975

என் எல்வீராவுக்கு ஆசிகள்.

நீ சுகமா? தம்பி சுகமா? என் உடம்பைப் பற்றிக் கேட்டாய். மருத்துவர்கள் நல்லவர்கள். சாப்பாடும் மோசமில்லை, ஆனால் பீட்ரூட் சூப்பில் பீட்ரூட்டைத் தேட வேண்டும்.

திருவருகைக் காலம் தொடங்குகிறது. எங்கள் அறையில் ஒரு பெண்ணுக்கு அவள் மகன் ரொட்டிக்குள் ஒளித்து, காகிதம் போல் மெல்லிய மூன்று கிறிஸ்துமஸ் அப்பங்கள் கொண்டுவந்தான். ஒன்றை எனக்குத் தந்தாள். அதைத்தான் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து உனக்கு அனுப்புகிறேன். அஞ்சல் முத்திரை அதை நொறுக்காமல் விட்டால் ஆண்டவருக்கு நன்றி. கூச்சோஸ் இரவில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய அந்த இரவில், முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகு, அதை அப்பாவோடு சேர்ந்து உடை. தனியாக உடைக்காதே. தனியாக உடைத்தால் அது வெறும் மாவு.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு அப்பத்தில் கை வைக்கக் கூடாது. முதலில் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். தம்பி ஒத்துக்கொள்வானா, தெரியவில்லை. கேட்டுப் பார். என் பெயரைச் சொல்லித்தான் கேள், பயப்படாதே.

அணில் இப்போது வருவதில்லை. பனி விழுந்துவிட்டது.

அத்தை


8 டிசம்பர் 1975
அமலோற்பவ மாதா திருநாள்

அன்புள்ள அத்தைக்கு,

அப்பம் உடையாமல் வந்தது. அதன் மேல் மாட்டுக்கொட்டிலும் குழந்தையும் அச்சாகியிருந்தன, குழந்தையின் ஒரு காலைத்தான் முத்திரை கொஞ்சம் அழுத்தியிருக்கிறது. அதை என் புவியியல் வரைபடப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். தினமும் திறந்து பார்க்கிறேன். தொட முடியவில்லை.

இனிமேல் சொல்லிவிடுகிறேன்.

நேற்று ஞாயிறு. தானூதே வீட்டுக்குப் போவதாக அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டுப் பேருந்தில் அடுத்த பங்குக் கோயிலுக்குப் போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. தலைத்துணியை மூக்குவரை இழுத்துவிட்டு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டேன். வாய் திறக்கவே முடியவில்லை. நெடுநேரம் ஆன பிறகு சாமியார், "யாராவது இருக்கீங்களா, இல்ல காத்துதான் அழுவுதா?" என்றார். அதற்குப் பிறகுதான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடவுள் பெயரால் என்னை மன்னித்தார். அபராதம் என்ன என்று கேட்டேன். பத்து முறை, நூறு முறை என்று செபம் தருவார் என்று நினைத்தேன். "செபம் சுலபம்மா. யாருக்குக் கெடுதல் வந்துச்சோ அவங்களுக்கு எழுது. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி எழுது" என்றார்.

அத்தை, உங்களைக் காட்டிக்கொடுத்தது நான்தான்.

ஜனவரியில் விதாலியா டீச்சர் 'எங்கள் வீட்டில் ஒரு மகிழ்ச்சியான மாலை' என்று கட்டுரை எழுதச் சொன்னார். நல்ல மதிப்பெண்ணுக்கு ஆசைப்பட்டேன். நான் ஜாக்கிரதையாகத்தான் எழுதினேன் அத்தை. கடவுள் என்ற சொல்லை எழுதவில்லை. கிறிஸ்துமஸ் என்று எழுதவில்லை. தேதிகூடப் போடவில்லை. அவற்றை எழுதாவிட்டால் போதும் என்று நினைத்தேன். மேசைவிரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்பினோம், வாசலில் நின்று முதல் நட்சத்திரத்துக்குக் காத்திருந்தோம், இறைச்சியும் பாலும் சேராத பன்னிரண்டு பதார்த்தங்கள் செய்தோம், அத்தை வெள்ளை அப்பத்தை உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார், அப்பா மீனை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார் என்று எழுதினேன். இந்த நாட்டில் அது எந்த இரவு என்று தெரியாதவர் யார்? எனக்கு மட்டும் அது தோன்றவில்லை. வைக்கோலின் வாசனையைப் பற்றி நன்றாக எழுதியிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

விதாலியா டீச்சர், "அழகா எழுதியிருக்க எல்வீரா, நோட்டு எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். மூன்று வாரத்தில் உங்கள் கட்டிலில் மெத்தையைச் சுருட்டிவிட்டார்கள்.

நோட்டு தொலைந்ததாக எழுதியது பொய். என்னால்தான் நீங்கள் பள்ளியை விட்டுப் போனீர்கள். என்னால்தான் நீராவியில் நின்றீர்கள். என்னால்தான் இப்போது அந்த ஜன்னலுக்கு நேரே படுத்திருக்கிறீர்கள். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை, ஆனால் கேட்கச் சொன்னதால் கேட்கிறேன். இல்லை, அது பொய். யாரும் சொல்லாவிட்டாலும் கேட்பேன்.

இதை எரிக்க வேண்டாம். உங்கள் விருப்பம்.

எல்வீரா


16 டிசம்பர் 1975

சேசுவுக்குத் தோத்திரம்.

என் கண்ணே, கை கொஞ்சம் நடுங்குவதால் பக்கத்துக் கட்டில் அனேலே நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதே என்று வருத்தப்படாதே. அழுது அழுது எழுதுகிறாள், மை பரவியிருப்பது அதனால்தான்.

எனக்குத் தெரியும் எல்வீரா. முதல் நாளிலிருந்தே தெரியும்.

ஜனவரி கடைசியில் தலைமையாசிரியர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேசையில் உன் நோட்டு திறந்து கிடந்தது. உன் எழுத்து எனக்குத் தெரியாதா, அதை எழுதப் பழக்கியதே நான். என்னைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். வைக்கோலைப் பற்றி நீ எழுதிய இடம் உண்மையிலேயே நன்றாயிருந்தது. அந்த அறையில் அதைச் சொல்ல முடியவில்லை, இப்போது சொல்கிறேன்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சர், சின்னப் பொண்ணு கற்பனை பண்ணி எழுதிட்டான்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. பொய் எழுதினதுக்கு அவளுக்குக் கொஞ்சம் கண்டிப்பு, அவ்வளவுதான்" என்றார். பேனாவும் தந்தார். நான் ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை உன்னிடம் மறைக்கக் கூடாது. ஒரு முழு நிமிடம். அந்த நிமிடத்துக்காக நீதான் என்னை மன்னிக்க வேண்டும். பிறகு, "இந்தப் பிள்ளை பொய் எழுதல. ஒவ்வொரு வரியும் உண்மை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீ என்னை எழுதினாய், நான் ஆமாம் என்றேன். முப்பது வருடம் திரையை இழுத்து மூடிக்கொண்டு செபம் சொன்னவள் நான். ஆண்டவரைத் தெரியும் என்று ஒரே ஒரு முறை வெளிச்சத்தில் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். நீ தூங்காமல் கிடந்தாய் என்பதுதான் என் துக்கம். இந்தக் கடிதத்தை மார்ச்சிலேயே எழுதியிருக்க வேண்டும். நீயாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். டீச்சர் புத்தி. அது என் தப்பு, அதையும் மன்னித்துவிடு.

உன்னை முழு மனதோடு மன்னித்தேன். இனி அதைத் தூக்கிக்கொண்டு அலையாதே.

தம்பியிடம் அன்பாயிரு. அவன் பயந்தவன், கெட்டவன் இல்லை.

விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்பலாமா என்று மருத்துவர்கள் யோசிக்கிறார்கள்.

உன்
அத்தை


24 டிசம்பர் 1975

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். நலமா என்று கேட்கத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

நேற்றுக் காலையிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி, அப்பா வேலை செய்யும் பட்டறைக்கு வந்திருக்கிறது. அப்பா அதை ஒரு நாள் முழுக்கச் சட்டைப் பையில் வைத்திருந்தார். இன்று மதியம் நான் பள்ளியிலிருந்து வந்ததும், கோட்டைக்கூடக் கழற்ற விடாமல், "உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. தந்தியை மேசையில் வைத்தார். இருபத்திரண்டாம் தேதி அதிகாலை என்று போட்டிருந்தது.

நான் பால் நிலையத்துக்கு ஓடினேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. சலோமேயா அக்காவுக்கு விஷயம் தெரியாது. "வாடி வா, இன்னிக்குத்தான் வந்துச்சு, கனமா இருக்கு" என்று சிரித்தபடி உங்கள் கடிதத்தை நீட்டினார். நான் சொன்னதும் கையை ஏப்ரனில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "சேசு மரி சூசையே" என்று சத்தமாகவே சொன்னார். வரிசையில் நின்ற யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

உங்கள் கடிதத்தை அங்கேயே, கேன்களுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். என் கடிதம் உங்களுக்குக் கிடைத்ததா என்று தெரியாமலே போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன். அழுதேன். ஆனால் இத்தனை மாதம் அழுத மாதிரி இல்லை. அது வேறு மாதிரி அழுகை. அத்தை இல்லையே என்கிற வலி மட்டும்தான் இருந்தது. அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதில் பயம் இல்லை.

வீட்டுக்கு வந்து வரைபடப் புத்தகத்திலிருந்து அப்பத்தை எடுத்து அப்பா முன்னால் வைத்தேன்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"அத்தை அனுப்பினாங்க."

"எப்போலேர்ந்து எழுதிக்கறீங்க?"

"மார்ச்லேர்ந்து."

அப்பா அப்பத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "என்னப் பத்தி என்ன எழுதினா?" என்றார்.

"தேத்தண்ணில இன்னும் மூணு கரண்டி சர்க்கரைதான் போடுறீங்களான்னு கேட்டாங்க."

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது வேறாக மாறிவிட்டது. அவர் அழுது நான் பார்த்தது அம்மாவின் சவ அடக்கத்தில்தான்.

"அந்தக் கட்டுரைய எம்முன்னாடியும் வெச்சாங்கடா" என்றார். "அன்னிக்கு நான் வீட்லயே இல்ல, பட்டறையில இருந்தேன்னு எழுதிக் குடுத்தேன். இந்த மேசையில உக்காந்து ரெண்டு வாட்டி மீன் வாங்கித் தின்னவன். அக்காவ இனிமே வீட்டுக்குள்ள சேக்க மாட்டேன்னும் எழுதிக் குடுத்தேன். கல்லறையில அந்தக் கெழவர் கேட்டப்போ எனக்கு அக்கா இல்லன்னு சொன்னேன், நீ கேட்டுக்கிட்டுதான இருந்த?"

"கேட்டேன்."

"உம்மேல கோவம்னு நெனச்சியா? உன் மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் என் கையெழுத்துதான் தெரிஞ்சுது."

உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். கடைசிப் பகுதியில், அவரைப் பற்றிய வரி வந்ததும், கையால் அதை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து வெளியே போனார். எங்கோ போய்விட்டார் என்று நினைத்தேன். கொட்டகையிலிருந்து ஒரு கை வைக்கோலோடு திரும்பி வந்தார்.

பன்னிரண்டு பதார்த்தத்துக்கு வீட்டில் என்ன இருக்கிறது? உருளைக்கிழங்கு, உப்பு மீன், பீட்ரூட், ஊறவைத்த வெள்ளரி, முட்டைக்கோஸ், காளான், காய்ந்த ஆப்பிள், ரொட்டி, தேன், வெங்காயம் என்று எடுத்து வைத்தோம். பத்துதான் வந்தது. "தண்ணிய ஒண்ணுன்னு வெச்சுக்கலாம்" என்றார் அப்பா. "உப்ப ஒண்ணுன்னு வெச்சுக்கலாம்" என்றேன் நான். நீங்கள் இருந்திருந்தால் இந்தக் கணக்கை ஒத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

உங்கள் இடத்தில் தட்டு வைத்து, இந்த வருடம் இறந்தவருக்கு வைப்பது போல, தட்டின் நடுவில் மெழுகுவர்த்தியை நட்டோம். நட்சத்திரம் தெரியவில்லை, ஒரே மேகம். ஆறு மணியானதும் போதும் என்று அப்பா முடிவுசெய்தார். நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவர் என்னிடம் கேட்டார். பிறகு மெழுகுவர்த்தியைப் பார்த்துத் திரும்பி உங்களிடம் கேட்டார், சத்தமாக, உங்கள் பெயரைச் சொல்லி. அதன் பிறகுதான் அப்பத்தை உடைத்தோம். உங்களுக்கும் ஒரு துண்டு தட்டின் ஓரத்தில் இருக்கிறது.

விடியற்காலைப் பேருந்தில் உங்களிடம் வருகிறோம். நாளை வேலை நாள்தான். "பட்டறை ஓடிப் போயிடாது" என்கிறார் அப்பா. உங்களை இங்கே கொண்டுவந்து அம்மாவுக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறோம். சாமியாரையும் கூப்பிடப்போகிறாராம். பகலில், எல்லோரும் பார்க்க.

இதை நான் மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். டார்ச் இல்லை. உங்கள் மெழுகுவர்த்தி வெளிச்சம் போதுமானதாக இருக்கிறது. அப்பா எதிரில் உட்கார்ந்து என் கோட்டின் பொத்தானைத் தைக்கிறார். துக்கமாக இருக்கிறது அத்தை, ஆனால் வீடு அமைதியாக இருக்கிறது. இப்படி ஓர் அமைதி இந்த வீட்டில் ஒரு வருடமாக இல்லை.

இன்று இரவு ஆசிரியர்கள் ஊரைச் சுற்றிவரப்போவதாகப் பள்ளியில் சொன்னார்கள். யார் வீட்டில் கூச்சோஸ் மேசை போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பார்களாம். விதாலியா டீச்சரும் வருவாராம். நான் அப்பாவிடம் அதை இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று

கதவைத் தட்டுகிறார்கள். மறுபடியும் தட்டுகிறார்கள். நான் மெழுகுவர்த்தியை ஊதக் குனிந்தேன். அப்பா என் தோளைப் பிடித்துவிட்டார். "எரியட்டும்" என்கிறார். எழுந்து கதவைத் திறக்கப் போகிறார்.